புலிகள் தினத்துக்குப் பேரணி தவிர வேறென்ன செய்யலாம்? காட்டோர ஊர்களில் எது எடுபடும்?

கேள்வி: பசுமைப்படை_ஆசிரியர்

வணக்கம். சத்தியமங்கலம் புலிகள் காப்பகத்தை ஒட்டிய, தாளவாடிப் பக்கத்து அரசு உயர்நிலைப் பள்ளி. ஜூலை 29 உலகப் புலிகள் தினத்துக்கு தேசிய பசுமைப் படை சார்பில் விழிப்புணர்வு நிகழ்ச்சி நடத்த வேண்டும். கையில் மூன்று வாரம், 40 மாணவர்கள், 5,000 ரூபாய்.

பேரணி, பதாகை, ஓவியப் போட்டி என்றுதான் பட்டியல் வந்திருக்கிறது. ஆனால் பிள்ளைகளில் பாதிப்பேர் வீட்டில் மாடு உண்டு, ஆடு உண்டு. "புலியைக் காப்போம்" என்று பிள்ளைகள் கத்திக்கொண்டு போனால், திண்ணையில் இருப்பவர் "எங்க மாட்ட யாருங்க காப்பாத்துவா?" என்று கேட்பார். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாத நிகழ்ச்சியை நடத்தி என்ன பயன்?

ஊர்க்காரர்களிடம் என்ன சொல்வது, எங்கே எப்படிச் சொல்வது, பிள்ளைகளை வைத்து எதைச் செய்யலாம், எதைச் செய்யவே கூடாது? களத்தில் வேலை செய்பவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

பதில் 1: காட்டோரம்

சார், முதலில் பதாகையில் இருக்கும் வாசகத்தை மாற்றுங்கள். "புலி அழிந்துகொண்டே வருகிறது" என்று தாளவாடியில் போய்ச் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். அவர்கள் கண்ணெதிரே கூடியிருக்கிறது. கணக்கும் அதையேதான் சொல்கிறது. தமிழ்நாட்டில் 2006 கணக்கெடுப்பில் 76 புலி, 2022 கணக்கெடுப்பில் 306. இந்தியா முழுவதும் 1,411 இருந்தது 3,682 ஆகியிருக்கிறது. இதை மறைக்காமல் முதல் வரியிலேயே சொல்லுங்கள். மறைத்துவிட்டு அடுத்து எதைச் சொன்னாலும் காதில் ஏறாது.

பிறகு இதையும் சொல்லுங்கள். ராஜஸ்தானின் சரிஸ்கா காப்பகத்தில் ஒரு புலிகூட மிச்சமில்லை என்று 2005இல் தெரியவந்தது. மத்தியப் பிரதேசத்தின் பன்னாவில் 2009இல் அதே நிலை. இரண்டுமே பேர் பெற்ற காப்பகங்கள். வெளியிலிருந்து புலிகளைக் கொண்டுவந்து விட்டுத்தான் மறுபடி தொடங்கினார்கள். கூடியது குறைய பத்து வருடம் தேவையில்லை. காரணம் எளிது: ஒரு தாய்ப்புலி குட்டிகளை ஏறக்குறைய இரண்டு வருடம் கூடவே வைத்து வளர்க்கிறது. இரண்டிலிருந்து நான்கு குட்டி. ஆறு மாதக் குட்டிக்கு வேட்டையாடத் தெரியாது. தாய் செத்தால் குட்டிகளும் பட்டினியில் போய்விடும். கணக்கில் ஒன்று குறைந்ததாக எழுதுவோம், உண்மையில் நான்கு குறைந்திருக்கும்.

இந்தப் பக்கம் புலியையும் சிறுத்தையையும் கொல்லும் பொருள்கள் துப்பாக்கியைவிடச் சாதாரணமானவை. சுருக்குக் கம்பி, திருட்டுக் கரண்ட் வேலி, குருணை மருந்து (குருணையாக வரும் பூச்சிமருந்து). மூன்றும் வீட்டிலும் தோட்டத்திலும் கிடைப்பவை. விழிப்புணர்வு என்றால் இந்த மூன்றைப் பற்றித்தான் இருக்க வேண்டும் என்பது என் கருத்து.

சுருக்கு பற்றி: பைக்கின் கிளட்ச் ஒயர், சைக்கிள் பிரேக் ஒயர், இரண்டில் ஒன்றுதான். வேலியின் அடியில் பன்றி நுழைந்து நுழைந்து ஓர் ஓட்டை விழுந்திருக்கும் பாருங்கள், மண் வழவழவென்று தேய்ந்து, முள்ளில் நாலு முடி ஒட்டியிருக்கும். அந்த வாயில் ஒரு முழ உயரத்துக்கு வளையம் வைத்து, மறுமுனையைப் பக்கத்து மரத்தில் முறுக்கிவிடுவார்கள். மக்காச்சோளம், ராகி கதிர் பிடிக்கும் சமயத்தில் இது கூடும். வைத்தவர் பன்றிக்குத்தான் வைக்கிறார். ஆனால் பன்றி போகும் வழியில்தான் அதைத் தின்னும் மிருகமும் போகும். சிறுத்தைக்குத் தலை நுழைந்துவிடும், கம்பி இடுப்பில் இறுகும். எவ்வளவு இழுக்கிறதோ அவ்வளவு உள்ளே போகும். மயக்க ஊசி போட்டு விடுவித்த பிறகும் சில நாளில் செத்துப்போவது உண்டு. மணிக்கணக்கில் திமிறியதில் தசை நார்கள் நொறுங்கி, அந்தக் கழிவு ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தை அடைத்துவிடும். வெளியே காயம் சின்னதாகத் தெரியும், அதனால் "காட்டில் விட்டாச்சு, பிழைச்சுடும்" என்று நினைத்துவிடுகிறோம்.

கம்பியில் சிக்கிய மிருகத்தைக் கண்டால் என்ன செய்வது என்பதைத் தெருவுக்குத் தெரு சொல்லுங்கள். பார்த்தவர் ஒருவர் வனத்துறைக்கு போன் செய்ய வேண்டும். மற்றவர்கள் நூறு மீட்டர் பின்னால் போக வேண்டும். நாயைக் கட்ட வேண்டும். டார்ச், செல்போன் வெளிச்சம் அடிக்கக் கூடாது. ஆள் கூட்டம் தெரிந்தால் அது பாயும். பாய்ந்தால் கம்பி இன்னும் இறுகும், அல்லது அறுந்து நேராக நம் மேல் வரும். மீட்பு கெட்டுப்போவது பெரும்பாலும் கூட்டத்தால்தான்.

கரண்ட் பற்றி ஒரே வரி: சோலார் வேலியில் மின்சாரம் துடிப்பு துடிப்பாக, நொடிக்கு ஒரு முறை போல வந்து போகும், உதறித் தள்ளும், கொல்லாது. கம்பத்திலிருந்து கொக்கி போட்டு 230 வோல்ட்டை நேரே கம்பியில் விட்டால் தொட்டது விடாது. யானை, புலி, தண்ணீர் பாய்ச்சப் போன மனிதர், யாரானாலும். மின்வேலிக்கென்றே தமிழ்நாட்டில் 2023இல் தனி விதிகள் வந்திருக்கின்றன. சோலார் வேலியானாலும் பதிவு செய்ய வேண்டும்.

பதில் 2: கால்நடை_மருத்துவம்

"எங்க மாட்ட யாரு காப்பாத்துவா" என்ற கேள்விக்கான பதில் நிகழ்ச்சியின் நடுவில் இருக்க வேண்டும், ஓரத்தில் அல்ல. மாடு அடிபட்ட முதல் ஒரு நாளில் அந்த வீட்டுக்காரர் என்ன செய்கிறார் என்பதில்தான் புலியின் உயிரும் இருக்கிறது, அவருக்கு வர வேண்டிய பணமும் இருக்கிறது.

முதல் விதி: சடலத்தை இழுக்காதீர்கள், புதைக்காதீர்கள், தோலை உரிக்காதீர்கள். புலி ஒரு மாட்டை ஒரே நாளில் தின்று முடிக்காது. மூன்று நான்கு நாள் திரும்பத் திரும்ப வரும். சடலத்தை எடுத்துவிட்டால் பசியோடு வந்து அடுத்த மாட்டை அடிக்கும். எடுத்தவருக்கும் நஷ்டம், ஏனென்றால் சோதித்துச் சான்றிதழ் கொடுக்க ஒன்றும் இருக்காது.

இரண்டாவது, உடனே வனக்காவலருக்குத் தகவல். அன்றைக்கே. மூன்றாம் நாள் சொன்னால் அது புலி அடித்ததா, நோயில் செத்ததை நாய் தின்றதா என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது.

மூன்றாவது, படம். செல்போனில் தேதியும் இடமும் பதியும்படி வைத்துக்கொண்டு, சுற்றுப்புறத்தோடு முழு உடல் ஒன்று, தொண்டைக் கடி ஒன்று, காதுத் தோடு (காதில் போடும் அடையாள வில்லை) எண் தெரியும்படி ஒன்று, கால்தடம் ஒன்று. கடிக்கும் தடத்துக்கும் பக்கத்தில் ஒரு பத்து ரூபாய்க் காசை வையுங்கள். அதன் குறுக்களவு 27 மில்லிமீட்டர், அளவு தெரிந்துவிடும். படம் எடுக்கத் தனியாகப் போகாதீர்கள். பகலில் நாலு பேர் பேசிக்கொண்டே போங்கள், புதரை ஒட்டிக் குனியாதீர்கள்.

அடித்தது எது என்பதை ஓரளவு நீங்களே கண்டுகொள்ளலாம். புலி பெரும்பாலும் தொண்டையைப் பிடித்துக் கொன்றுவிட்டு பின்தொடையிலிருந்து தின்னத் தொடங்கும். சிறுத்தை வயிறு, நெஞ்சுப் பக்கம் தொடங்குவது அதிகம். செந்நாய்க் கூட்டமென்றால் தொண்டையில் ஒரே ஆழமான கடி இருக்காது, தொடையிலும் வயிற்றிலும் கண்டபடி கடித்துக் கிழித்திருக்கும். தடத்தில் நகம் பதிந்திருந்தால் நாய் இனம். புலி, சிறுத்தை இரண்டும் நகத்தை உள்ளே இழுத்துக்கொண்டு நடக்கும்.

இழப்பீட்டுக்குப் பொதுவாகக் கேட்பது: விண்ணப்பம், கால்நடை மருத்துவரின் சான்று, வனத்துறையினர் இடத்தைப் பார்த்த அறிக்கை, படங்கள், ஆதார், வங்கிப் பாஸ்புக் நகல். மனு தள்ளிப்போவது அல்லது தள்ளுபடியாவது பெரும்பாலும் மூன்று காரணத்தால். காதுத் தோடு இல்லை, மாடு யாருடையது என்று நிறுவ முடியவில்லை. பாஸ்புக்கில் ஒரு பெயர், மனுவில் வேறு பெயர். மூன்றாவது, அடிபட்ட இடம். புலிகள் காப்பகம், சரணாலயம், தேசியப் பூங்காவுக்குள் மேய்ச்சலுக்கு 2022இல் உயர் நீதிமன்றம் தடை விதித்த பிறகு, உள்ளே அடிபட்ட மாட்டுக்கு வாங்குவது கடினம். பட்டா நிலத்தில், ஊர்ப் பொது இடத்தில் அடிபட்டிருந்தால் அது தெரிகிற மாதிரி படம் இருக்க வேண்டும். வீடு, கம்பம், வேலி, ஏதாவது ஒன்று பின்னணியில் வரட்டும்.

தோடு இல்லாத மாடுகளுக்குத் தோடு போடும் முகாமைப் புலிகள் தினத்தன்றே கால்நடை மருந்தகத்தோடு சேர்ந்து நடத்துங்கள். 12 இலக்க எண் கொண்ட மஞ்சள் தோடு. பிள்ளைகளைத் தெருத்தெருவாக அனுப்பித் தோடில்லாத மாடுகளைப் பட்டியல் எடுக்கச் சொல்லலாம். அன்றைக்கு அந்த ஊருக்குக் கையில் கிடைக்கும் நன்மை இதுதான், பேரணியைவிட நூறு மடங்கு மதிப்பு.

குருணை மருந்து பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும். கோபத்தில் செத்த மாட்டின் மேல் பூச்சிமருந்தைத் தூவிவிடுகிறார்கள். 2023 செப்டம்பரில் நீலகிரி அவலாஞ்சிப் பக்கம் இரண்டு புலிகள் செத்துக் கிடந்தபோது, அருகில் இருந்தது விஷம் தூவிய மாட்டுச் சடலம். கார்போபியூரான் போன்ற மருந்து உடலில் நரம்புக்கும் தசைக்கும் இடையே செய்தி நிற்க வேண்டிய இடத்தில் நிற்கவிடாமல் செய்யும். வாயில் நுரை, நடுக்கம், பிறகு மூச்சு முட்டிச் சாவு. அது புலியோடு நிற்காது. குட்டி, கழுதைப்புலி, ஊர் நாய், கழுகு எல்லாம் போகும். மோயாற்றுப் பள்ளத்தாக்கில்தான் தென்னிந்தியாவில் மிஞ்சியிருக்கும் பாறுக் கழுகுகள் அதிகம். ஒரு சடலத்தில் ஒரு கூட்டமே இறங்கும்.

சடலத்தைச் சுற்றி ஈக்கள் செத்துக் கிடந்தால் விஷம் என்று சந்தேகப்படுங்கள். ஈ மொய்க்க வேண்டிய இடத்தில் ஈ சாகிறது என்றால் வேறு காரணம் இருக்காது. தொடாதீர்கள், கையுறை இல்லாமல் எதையும் எடுக்காதீர்கள். தோல் வழியாக நமக்கும் ஏறும்.

பசுமைப்படை_ஆசிரியர்

இருவருக்கும் நன்றி. தோடு முகாம் உடனே எடுத்துக்கொள்கிறோம். ஒரு சந்தேகம்: மாணவர்களை அழைத்துப்போய்த் தோட்ட ஓரங்களில் சுருக்குக் கம்பிகளைத் தேடி எடுத்து, பள்ளியில் காட்சிக்கு வைத்தால் என்ன?

பதில் 3: மோயாறு_கரை

வேண்டாம் சார். இதில் உறுதியாக இருங்கள். பதில் 1இல் சொன்னது எல்லாம் சரி, ஆனால் கம்பியை யார் எடுப்பது என்பதை அவர் சொல்லாமல் விட்டுவிட்டார். சுருக்கு ஒரு குற்றத்தின் சாட்சி. வனத்துறையினர் இடத்தில் வைத்தே மகஜர் (பார்த்ததையும் எடுத்ததையும் குறிக்கும் பதிவு) எழுதி எடுத்தால்தான் வழக்கு நிற்கும். மாணவன் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு வந்தால் சாட்சி போச்சு, அதோடு வைத்தவர் அவன் வீட்டுக்குப் பக்கத்து வீட்டுக்காரராகவே இருப்பார். பிள்ளையை ஊருக்குள் பகையில் மாட்டிவிடக் கூடாது.

கம்பி தேடும் நடையை வனத்துறையிடம் கேட்டு, பெரியவர்களை மட்டும் வைத்து நடத்துங்கள். ஆறு பேர், ஆளுக்கு ஆள் இரண்டு மூன்று மீட்டர் இடைவெளி, வேலியை ஒட்டி ஒரே வரிசையாக. காலை எட்டு மணிக்குப் பிறகு, வெயில் சாய்வாக விழும்போது கம்பி மின்னும். நிமிர்ந்து நடந்தால் தெரியாது. முழங்கால் உயரத்தில் கண் இருக்க வேண்டும், பத்தடிக்கு ஒரு முறை குனிந்து வேலி ஓட்டைகளைப் பாருங்கள். மரப்பட்டையில் புதிதாகக் கம்பி அறுத்த வடு இருந்தால் பக்கத்திலேயே இன்னும் இருக்கும், ஒன்று வைப்பவர் ஐந்தாறு வைப்பார். கதிர் பிடிப்பதற்கு முன் ஒரு தடவை, அறுவடைக்குப் பின் ஒரு தடவை. அறுவடை முடிந்ததும் கம்பியை மறந்துவிட்டுப் போய்விடுவார்கள். அது பல மாதம் கழித்தும் கொல்லும்.

காட்சிக்கு வேண்டுமானால் வனச்சரக அலுவலகத்தில் வழக்கு முடிந்த கம்பிகள் இருக்கிறதா என்று கேளுங்கள்.

இடம், நேரம், மொழி: தாளவாடியில் கன்னடம் பேசும் வீடுகள் நிறைய. தமிழில் மட்டும் நோட்டீஸ் அடித்தால் பாதி ஊருக்குப் போகாது, கன்னடத்திலும் அடியுங்கள். கூட்டம் போட்டு ஆளைக் கூப்பிடாதீர்கள். ஆள் கூடுமிடத்துக்கு நீங்கள் போங்கள். பால் சொசைட்டியில் காலையும் மாலையும் மாட்டுக்காரர் அத்தனை பேரும் வருவார்கள், கேன் வரிசையில் நிற்கும் பதினைந்து நிமிடம் போதும். நூறு நாள் வேலை நடக்கும் இடம் பெண்களிடம் பேச நல்லது. மாட்டைப் பட்டியில் அடைப்பதும் விறகுக்குப் போவதும் அவர்கள்தானே. பேச்சை இரவில் வைக்காதீர்கள், அப்போது ஆண்கள் பரண் மேல் காவல் இருப்பார்கள்.

இன்னொன்று. இந்த மலைகளில் புலிக்கு ஏற்கெனவே மரியாதை உண்டு. மாதேஸ்வரசாமிக்கு வாகனம் புலி. சோளகர், ஊராளி பழங்குடி ஊர்களில் போய் "புலி ஒரு முக்கியமான விலங்கு" என்று பாடம் நடத்தாதீர்கள். பெரியவர்களைப் பேசவிட்டுப் பிள்ளைகள் எழுதிக்கொள்ளட்டும்.

ஆட்டுப்பட்டி பற்றி யாரும் சொல்லவில்லை, அதனால் சொல்கிறேன். சிறுத்தை பட்டிக்குள் குதித்தால் ஒன்றோடு நிற்காது, ஆடுகள் ஓட முடியாமல் முட்டிமோதும்போது பத்துப் பன்னிரண்டைக்கூடக் கடித்துப்போடும். சுவரை உயர்த்துவதில் பயனில்லை, ஆளுயரத்தைவிட அதிகமாகத் தாண்டும். மேலே மூட வேண்டும். தகரமோ, கம்பி வலையோ, நான்கு பக்கமும் இறுகக் கட்டியிருக்க வேண்டும். வலையின் கண் நாலு விரல் அகலத்துக்கு மேல் வேண்டாம். கதவு கீழே இடைவெளி விடாமல் நிலத்தைத் தொட வேண்டும், தாழ்ப்பாள் வெளிப்பக்கம். பட்டியைச் சுற்றி இருபதடிக்கு உண்ணிச்செடியை வெட்டிவிடுங்கள், பதுங்க இடமிருந்தால்தான் அது பக்கத்தில் வரும். பெரும்பாலும் பட்டியின் பலவீனம் கதவுதான், கூரை அல்ல. கயிற்றால் கட்டிய படல் ஓர் உதைக்குத் தாங்காது.

பதில் 4: வரிக்கோடு

பிள்ளைகளுக்கான பகுதிக்கு.

இணையத்தில் எடுத்த படத்தைப் பதாகையில் போடும்முன் பாருங்கள். பனியில் நிற்கும் சைபீரியப் புலியும், கண்ணிலிருந்து வாய்வரை கறுப்புக் கோடு இறங்கும் சிவிங்கிப்புலியும் நம் ஊர்ப் பதாகைகளில் அடிக்கடி வந்துவிடுகின்றன. சிவிங்கிப்புலிக்கு உடம்பில் தனித்தனிப் பொட்டு. சிறுத்தைக்கு நடுவில் வெற்றிடம் விட்ட வளையம். சிவிங்கிப்புலி இந்தியாவில் அற்றுப்போனதாக 1952இல் அறிவிக்கப்பட்டது. 2022 செப்டம்பரில்தான் நமீபியாவிலிருந்து மத்தியப் பிரதேசத்தின் குனோ தேசியப் பூங்காவுக்குக் கொண்டுவந்தார்கள். ஒரு பூனையினம் அற்றுப்போவதற்கு நம் நாட்டிலேயே உள்ள சான்று இது. தவறான படமாகப் போகாமல் தனிப் பதாகையாகவே வரட்டும்.

வரி பொருத்தும் விளையாட்டு வைக்கலாம். இரண்டு புலிக்கு ஒரே வரி கிடையாது, ஒரே புலிக்கே இடது பக்கமும் வலது பக்கமும் வேறு. அதனால்தான் கணக்கெடுப்பில் பாதையின் இரு பக்கமும் எதிரெதிரே இரண்டு கேமரா வைக்கிறார்கள். ஐந்து புலியின் படங்களை, புலிக்கு இரண்டு வீதம், ஒரே பக்கம் தெரியும்படி அச்சடித்துக் கலக்கிக் கொடுங்கள். தொடை வரியிலிருந்து தொடங்கச் சொல்லுங்கள், சீக்கிரம் பிடிபடும்.

தடம் வார்ப்பது பிள்ளைகளுக்குப் பிடிக்கும். காட்டுக்குள் போகத் தேவையில்லை, பள்ளி மைதானத்து ஈர மண்ணில் நாய்த்தடம், பூனைத்தடம் போதும். நகம் பதிவதும் பதியாததும் அதிலேயே தெரியும். தடத்தைச் சுற்றி இரண்டு அங்குல உயர அட்டை வளையம். பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் இரண்டு பங்கு, தண்ணீர் ஒரு பங்கு. தண்ணீரில் மாவைப் போட வேண்டும், மாவில் தண்ணீரை ஊற்றினால் கட்டி தட்டும். தடத்தின் மேல் நேரே ஊற்றாமல் ஓரத்தில் ஊற்றி ஓடவிடுங்கள், இல்லாவிட்டால் விரல் விளிம்பு கரையும். அரைமணி, மேகமூட்டமென்றால் முக்கால் மணி. எடுக்கும்போது அட்டையைப் பிடித்து இழுக்காமல் அடிமண்ணோடு தோண்டி எடுங்கள்.

பெரிய மாணவர்களுக்கு இரை கணக்கு. ஒரு புலிக்கு வருடத்துக்கு ஏறக்குறைய ஐம்பது மான் அளவு இரை வேண்டும். மந்தை குறையாமல் அந்த ஐம்பதைக் கொடுக்க ஐந்நூறு இருக்க வேண்டும். கடமான், புள்ளிமான், காட்டுப்பன்றி என்று மைதானத்தில் சுண்ணாம்பில் ஐந்நூறு புள்ளி வைக்கச் சொல்லுங்கள். சுருக்கில் போகும் பன்றியும் அந்தப் புள்ளிகளில் ஒன்று. உண்ணிச்செடி படர்ந்து புல் இல்லாமல்போன காட்டில் எத்தனை புள்ளியை அழிக்க வேண்டும் என்று கேட்டால் அவர்களே சொல்வார்கள்.

புலிநகச் சங்கிலி பற்றிக் கட்டாயம் பேசுங்கள். நகம், பல், தோல் எதை வைத்திருந்தாலும் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் மூன்றிலிருந்து ஏழு வருடம் வரை சிறை, 25,000 ரூபாய்க்குக் குறையாத அபராதம். மாட்டுக்கொம்பில் செய்த போலிதான் அதிகம் விற்கிறது. ஆனால் போலியை ஆசைப்பட்டு வாங்குகிறவர் இருக்கும்வரை அசலுக்கும் விலை இருக்கும்.

கடைசியாக வாட்ஸப். புலி, சிறுத்தை வீடியோ வந்தால் முதலில் எந்த ஊர், எந்தத் தேதி என்று கேட்டுவிட்டு அனுப்பப் பழக்குங்கள். உண்மையான வீடியோவானாலும் இடத்தைப் போடாதீர்கள். வேடிக்கை பார்க்க வண்டிகள் வரும், கொல்ல நினைப்பவருக்கும் வழி தெரியும். "கூண்டு வைத்துப் பிடித்துவிடுங்களேன்" என்று கேட்பார்கள். 2021இல் மசினகுடிப் பக்கம் டி23 என்ற ஒரு புலியை உயிரோடு பிடிக்க, கும்கி, டிரோன், கேமரா எல்லாம் வைத்தும் 21 நாள் ஆனது என்று சொல்லுங்கள்.

பசுமைப்படை_ஆசிரியர்

இதை வைத்து இப்படிப் பிரித்துக்கொள்கிறோம்: முதல் வாரம் தோடில்லாத மாடு பட்டியல், இரண்டாம் வாரம் பால் சொசைட்டிகளில் பதினைந்து நிமிடப் பேச்சு, 29ஆம் தேதி தோடு முகாமும் பள்ளி விளையாட்டுகளும். பேரணி இல்லை. பதாகைக்கு ஒதுக்கிய பணம் மிச்சம். அதில் என்ன செய்யலாம்?

பதில் 5: கால்நடை_மருத்துவம்

பிளெக்ஸ் வேண்டாம், ஒரு மழைக்காலம் தாங்காது. பால் சொசைட்டிச் சுவரில் எனாமல் பெயிண்டில் எழுதிவிடுங்கள், தமிழிலும் கன்னடத்திலும். மேலே "மாடு அடிபட்டால் சடலத்தைத் தொடாதீர்கள், இந்த எண்ணுக்குச் சொல்லுங்கள்." கீழே வனச்சரக அலுவலக எண், கால்நடை மருந்தக எண். எண்கள் ஒரு சாண் உயரம் இருக்கட்டும், இருட்டில் டார்ச் அடித்தால் தெரிய வேண்டும். வனக்காவலரின் சொந்த எண்ணை எழுதாதீர்கள், அவர் மாறுதலில் போனால் சுவர் பொய்யாகிவிடும். எழுதும்முன் இரண்டு எண்ணுக்கும் ஒரு தடவை ராத்திரி எட்டு மணிக்கு போன் போட்டுப் பாருங்கள், யாராவது எடுக்கிறார்களா என்று.